கோட்டோபாக்சி கப்பல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

“பெர்முடா முக்கோணத்தில் மறைந்த கப்பல் 90 வருடம் கழித்து ஆளில்லாமல் திரும்பி வந்தது” என்ற செய்தி தமிழிலும் பல வருடமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. பழைய கப்பல் விபத்துகளைத் தேடிப் படிப்பவன் நான் என்று தெரிந்தவர்கள் அதை எனக்கு அனுப்பி, “இது நிஜமா?” என்று கேட்கிறார்கள். பதில் சொன்னால் அடுத்து வரும் சந்தேகங்களும் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று இதைத் தொகுத்தேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. கோட்டோபாக்சி என்ற அந்தக் கப்பலோடு 32 பேர் போனார்கள். அந்தச் சாவுக்கு என்ன காரணம் என்று அவர்களுடைய குடும்பங்கள் அப்போதே நீதிமன்றத்தில் சொன்னார்கள். அந்தப் பேச்சு மறந்துபோய், மர்மக் கதை மட்டும் நிலைத்துவிட்டது என்பதில் எனக்கு உள்ளபடியே வருத்தம்.

கோட்டோபாக்சி என்ன கப்பல்? டைட்டானிக் மாதிரி பயணிகள் கப்பலா?

இல்லை, சரக்கு ஏற்றும் நீராவிக் கப்பல். 1918-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் எக்கோர்ஸ் என்ற ஊரில், ‘கிரேட் லேக்ஸ் என்ஜினியரிங் ஒர்க்ஸ்’ என்ற நிறுவனம் கட்டியது. கொள்ளளவு 2,351 டன், நீளம் சுமார் 77 மீட்டர். ஈக்வடார் நாட்டு எரிமலை ஒன்றின் பெயரை வைத்தார்கள்.

முதல் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களை ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கடித்துக்கொண்டிருந்தன. அந்த இழப்பை ஈடுகட்ட அமெரிக்க அரசு அவசர அவசரமாக நூற்றுக்கணக்கில் கப்பல் கட்டச் சொன்னது. அப்படிப் பிறந்தவற்றில் இது ஒன்று. தயாராகிக் கடலுக்கு வருவதற்குள் போரே முடிந்துவிட்டது. 1919-ல் கிளின்ச்ஃபீல்டு நேவிகேஷன் கம்பெனி இதை வாங்கி ஓட்டியது.

77 மீட்டர்ங்கிறது சின்னக் கப்பலா? பெரிசாத்தானே தெரியுது?

கடலோடுகிற சரக்குக் கப்பலுக்கு அது சிறிய அளவுதான். அந்த அளவுக்கு ஒரு காரணம் இருக்கிறது, எனக்குப் பிடித்த விவரமும் அதுவே. எக்கோர்ஸ் கடலோர ஊர் இல்லை. வட அமெரிக்காவின் பெரிய ஏரிகளை ஒட்டி, டெட்ராய்ட் ஆற்றங்கரையில் உள்நாட்டில் இருக்கிறது. அங்கே கட்டிய கப்பல் அட்லாண்டிக்குக்குப் போக வேண்டுமென்றால் நயாகரா அருவியைச் சுற்றிக்கொண்டு வெல்லண்ட் கால்வாய் வழியாக இறங்க வேண்டும். கப்பலை ஒரு மட்டத்திலிருந்து இன்னொரு மட்டத்துக்கு ஏற்றி இறக்கும் மதகுத் தொட்டிகள் அன்றைய வெல்லண்ட் கால்வாயில் 270 அடி நீளம், 45 அடி அகலம். கோட்டோபாக்சி 253 அடி நீளம், 43 அடிக்குக் கொஞ்சம் கூடுதலான அகலம். தொட்டிக்குள் நுழைகிற மட்டுக்குக் கட்டியிருக்கிறார்கள். இந்த ரகத்துக்கே ‘லேக்கர்’ என்று பெயர்.

அதே நிறுவனம் 1958-ல் கட்டிய எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்டு 222 மீட்டர் நீளம். ஏரிகளுக்குள்ளேயே ஓடிய அந்தக் கப்பலும் 1975 நவம்பர் 10 அன்று சுப்பீரியர் ஏரியில் புயலில் மாட்டி 29 பேரோடு மூழ்கியது.

என்னதான் நடந்தது? தேதி வாரியா சொல்லுங்க.

1925 நவம்பர் 29 அன்று அமெரிக்காவின் தெற்குக் கரோலினா மாநிலத்தில் உள்ள சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து, கியூபாவின் ஹவானாவுக்குக் கிளம்பியது. சரக்கு நிலக்கரி. கேப்டன் டபிள்யூ. ஜே. மேயரையும் சேர்த்து 32 பேர். ஃபுளோரிடாவின் கிழக்குக் கரையை ஒட்டித் தெற்கே இறங்கி, முனையைச் சுற்றி ஹவானா போவது வழக்கமான பாதை. நல்ல வானிலையில் மூன்று நாள் பயணம்.

டிசம்பர் 1 அன்று கப்பலில் தண்ணீர் ஏறுகிறது, ஒரு பக்கமாகச் சாய்கிறது என்று வயர்லெஸ் செய்தி வந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. ஹவானாவுக்கு வந்து சேரவில்லை. டிசம்பர் 31 அன்று, வந்து சேர வேண்டிய காலம் கடந்த கப்பல் என்று அதிகாரபூர்வமாகப் பதிவு செய்தார்கள். 32 பேரில் ஒருவர்கூட வீடு திரும்பவில்லை.

கப்பல் எந்தச் செய்தியும் அனுப்பாம திடீர்னு மறைஞ்சு போச்சுன்னு படிச்சேனே?

மர்மக் கதைகள் முதலில் கைவைக்கும் இடம் இதுதான். செய்தி வந்தது. ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில் நகரத்தில் அந்த அபாயக் குரலைக் கேட்டிருக்கிறார்கள். லண்டனில் லாயிட்ஸ் என்ற பழைய கப்பல் காப்பீட்டுச் சந்தையின் ஆவணங்களில் அது பதிவாகியிருக்கிறது. பிரிட்டிஷ் வரலாற்றாளர் கை வால்டர்ஸ் அந்தக் காகிதங்களைத் தேடி எடுத்தார்.

அன்றைய அமெரிக்கச் சட்டப்படி 50 பேரோ அதற்கு மேலோ போகும் கப்பல்களுக்குத்தான் வயர்லெஸ் கட்டாயம். 32 பேர் மட்டுமே இருந்த இந்தக் கப்பலில் அது இருந்ததால்தான் கடைசி நேரத்தைப் பற்றி இவ்வளவாவது நமக்குத் தெரிகிறது. சாய்ந்துகொண்டிருந்த கப்பலில் உட்கார்ந்து ஒருவர் அந்தச் செய்தியைத் தட்டி அனுப்பியிருக்கிறார். “சத்தமே இல்லாமல் மறைந்தது” என்று எழுதுகிறவர்கள் அந்த மனிதரை இல்லாமலே ஆக்கிவிடுகிறார்கள்.

அன்னைக்கு நிஜமாவே புயல் இருந்ததா, இல்ல பின்னாடி சேர்த்துச் சொன்னதா?

இருந்தது. நவம்பர் கடைசியில் கரீபியன் பக்கம் உருவான வெப்பமண்டலப் புயல் ஒன்று மெக்சிகோ வளைகுடா வழியாக வந்து, டிசம்பர் 1-ஐ ஒட்டி ஃபுளோரிடாவின் மேற்குக் கரையில் ஏறி, நிலத்தைக் குறுக்கே கடந்து அட்லாண்டிக்குக்குள் இறங்கியது. புயல் பருவம் முடிந்துவிட்டது என்று எல்லாரும் நினைக்கிற நேரத்தில் வந்த புயல். அதில் கடலில் செத்தவர்கள் இந்த 32 பேர் மட்டுமல்ல.

அந்தக் கரையில் இன்னொரு தொல்லையும் உண்டு. வளைகுடா நீரோட்டம் என்ற வெந்நீர் ஓட்டம் ஃபுளோரிடாவை ஒட்டி வடக்கு நோக்கி வேகமாக ஓடுகிறது. புயலின் மையம் தெற்கே இருக்கும்போது, அதற்கு வடக்கே இருக்கும் கப்பலுக்குக் காற்று கிழக்கு, வடகிழக்கிலிருந்து வரும். ஓட்டம் ஒரு பக்கம், காற்று எதிர்ப்பக்கம் என்றால் அலை நீளமாக உருளாது. குட்டையாக, செங்குத்தாக எழுந்து மேல்தளத்தில் வந்து விழும்.

புயல் வந்தா எல்லாக் கப்பலுமா மூழ்குது? இது மட்டும் ஏன் மூழ்கணும்?

சரியான கேள்வி. ஏழு வயதே ஆன இரும்புக் கப்பல் அலை அடித்ததாலேயே மூழ்க வேண்டியதில்லை. தண்ணீர் உள்ளே வர ஒரு வழி வேண்டும்.

இறந்தவர்களின் குடும்பங்கள் கப்பல் கம்பெனி மீது வழக்குப் போட்டன. சரக்கறைகளின் வாயை மூடும் மரப் பலகைகள் பழுதாகிக் கிடந்தன, அந்த நிலையிலேயே கப்பலை அனுப்பிவிட்டார்கள் என்பது அவர்களுடைய குற்றச்சாட்டு. அந்த மூடிகள் மோசமான நிலையில் இருந்ததாகத் தச்சர் ஒருவர் சாட்சியும் சொன்னார். கடலுக்குப் போகத் தகுதியான நிலையில்தான் கப்பல் இருந்தது என்று கம்பெனி தரப்பு வாதிட்டது. வயர்லெஸ் செய்தியையும் இந்தச் சாட்சியத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தண்ணீர் ஏறுகிறது, கப்பல் சாய்கிறது என்கிறது ஒன்று. தண்ணீர் எந்த வழியாக ஏறியிருக்கும் என்று காட்டுகிறது இன்னொன்று. எனக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எதுவும் தென்படவில்லை.

இரும்புக் கப்பலுக்குப் போய் மரப் பலகை மூடியா?

அந்தக் காலத்தில் உலகம் முழுக்க அதுதான் வழக்கம். கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் முழு விஷயமும் இதில்தான் இருக்கிறது.

மேல்தளத்தில் சரக்கு இறக்கப் பெரிய சதுர ஓட்டை இருக்கும். அதை ‘ஹேட்ச்’ என்பார்கள். ஓட்டையைச் சுற்றி இரும்பில் ஒரு கைப்பிடிச் சுவர். சரக்கு ஏற்றி முடிந்ததும் குறுக்கே இரும்பு விட்டங்களைப் போட்டு, அவற்றின்மேல் கனமான பலகைகளை நெருக்கமாக அடுக்குவார்கள். அதற்குமேல் இரண்டு மூன்று அடுக்குத் தார்ப்பாய். தார்ப்பாயின் ஓரத்தை மடித்து, சுவரின் வெளிப்பக்கத்தில் பட்டையான இரும்புக் கம்பிகளால் அழுத்தி, அந்தக் கம்பி அசையாமல் இருக்க வரிசையாக மர ஆப்புகளை அடித்து இறுக்குவார்கள். கடலில் தினமும் சுற்றி வந்து தளர்ந்த ஆப்புகளைத் தட்டி இறுக்குவது கப்பல் தச்சரின் வேலை.

தண்ணீர் புகாமல் தடுப்பது தார்ப்பாய். அந்தத் தார்ப்பாயைத் தாங்கி நிற்பது பலகை. பலகை உளுத்தோ, உடைந்தோ, விட்டத்தில் சரியாக உட்காராமலோ இருந்தால், டன் கணக்கில் அலைநீர் மேலே விழும்போது தார்ப்பாய் உள்வாங்கிக் கிழியும். ஒரு ஆப்பு கழன்று ஓரம் தூக்கிக்கொண்டாலே போதும், காற்று மிச்சத்தைப் பிய்த்துவிடும். புயலுக்கு நடுவே மேல்தளத்தில் இறங்கி அதைச் சரி செய்ய ஆள் அனுப்பவும் முடியாது.

தண்ணி வந்தா பம்ப் வச்சு இறைச்சு வெளிய விட வேண்டியதுதானே?

பம்ப் இருந்திருக்கும். ஆனால் கீழே கிடப்பது நிலக்கரி. சரக்கறையின் அடியில் தேங்கும் தண்ணீரை உறிஞ்சும் குழாய் வாயில் சல்லடை வைத்திருப்பார்கள். நிலக்கரித் தூளும் தண்ணீரும் சேர்ந்து சேறாகி அந்தச் சல்லடையை அடைத்துவிடும். நிலக்கரிக் கப்பல்களில் இது பழைய தொல்லை.

அதோடு, நிலக்கரி மூட்டையில் கட்டிய சரக்கு இல்லை. கொட்டிக் குவித்த சரக்கு. கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தால் குவியலும் அந்தப் பக்கம் சரியும். ஒருமுறை சரிந்தால் கப்பல் நேராக நிமிரவே நிமிராது. சாய்ந்த பக்கத்து மேல்தளம் தண்ணீருக்குள் போகும், அந்தப் பக்கம் ஹேட்ச் வாய் அலைக்கு இன்னும் நெருக்கமாகும், இன்னும் அதிகத் தண்ணீர் உள்ளே போகும். இப்படி ஒன்றை ஒன்று கூட்டிக்கொண்டே போகும் விஷயம் இது. சாய்கிறது என்ற செய்தி வந்த பிறகு அவர்களுக்கு அதிக நேரம் இருந்திருக்காது.

உயிர்காக்கும் படகு இருந்திருக்குமே, அதில் ஏறித் தப்பிச்சிருக்கலாமே?

சாய்ந்த கப்பலில் படகு இறக்குவது மிகக் கஷ்டம். உயர்ந்து நிற்கும் பக்கத்துப் படகு இறங்கும்போது கப்பலின் இரும்புச் சுவரில் உரசிச் சிக்கிக்கொள்ளும். தாழ்ந்த பக்கத்தில் படகை அலையே அடித்து நொறுக்கும். 1928 நவம்பர் 12 அன்று வெஸ்ட்ரிஸ் என்ற நீராவிக் கப்பல் இதே மாதிரி சாய்ந்து சாய்ந்து வர்ஜீனியாவுக்கு அப்பால் மூழ்கியது. அபாயச் செய்தி அனுப்பி, பகல் வெளிச்சத்தில், படகுகளை இறக்க நேரம் கிடைத்தும் 100 பேருக்கு மேல் இறந்தார்கள். புயலுக்கு நடுவே தனியாக இருந்த கோட்டோபாக்சிக்காரர்கள் தப்பியிருந்தால்தான் ஆச்சரியம்.

வானிலை மோசம்னு தெரிஞ்சே கேப்டன் ஏன் கிளம்பினார்?

தெரிந்து கிளம்பினார் என்று சொல்ல முடியாது. நவம்பர் 29 அன்று புயல் இன்னும் வெகு தெற்கே, ஃபுளோரிடாவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. 1925-ல் செயற்கைக்கோளும் இல்லை, ரேடாரும் இல்லை. கரையோர நிலையங்களும் கடலில் இருக்கும் கப்பல்களும் தந்தியிலும் வயர்லெஸ்ஸிலும் சொல்வதை வைத்துத்தான் புயல் எங்கே இருக்கிறது என்று ஊகிப்பார்கள். அது எந்தப் பக்கம் திரும்பும் என்பது அதற்கும் மேல்.

பாதி வழியில் திரும்பியிருக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். கனமான கப்பலைப் பேரலையில் திருப்பினால் திரும்பும் நேரம் முழுக்க அலை பக்கவாட்டில் அடிக்கும். பழுதான ஹேட்ச் உள்ள கப்பலுக்கு அதைவிட ஆபத்து இல்லை. பக்கத்துத் துறைமுகமான ஜாக்சன்வில்லுக்குப் போக ஆற்று முகத்துவாரம் வழியாக நுழைய வேண்டும். புயலில் அதுவும் சாதாரண காரியம் இல்லை. நான் கேப்டனைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஹேட்ச் நிலைமை அவருக்கும் தெரிந்திருக்கும் என்று வைத்துக்கொண்டாலும், கம்பெனி போகச் சொன்னால் மறுத்து நிற்பதற்கு அன்றைய கேப்டன்களுக்கு எவ்வளவு இடம் இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

சரி, பெர்முடா முக்கோணத்துலதானே மறைஞ்சது?

வரைபடத்தை எடுத்து வைத்து நீங்களே பார்க்கலாம். முக்கோணத்தின் மூன்று மூலைகள் என்று பொதுவாகச் சொல்வது மயாமி, பெர்முடா தீவு, போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான். மயாமியிலிருந்து பெர்முடாவுக்குக் கோடு போட்டால் அது வடகிழக்கே கடலுக்குள் போகும். சார்ல்ஸ்டன், ஜாக்சன்வில், செயின்ட் அகஸ்டின் எல்லாம் அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம், கரைப் பக்கம் இருக்கின்றன. கோட்டோபாக்சி சார்ல்ஸ்டனிலிருந்து மயாமி வரை வரவேண்டிய பாதை முழுக்கவே முக்கோணத்துக்கு வெளியே. அது மயாமி வரை வரவும் இல்லை.

இன்னொன்று, ‘பெர்முடா முக்கோணம்’ என்ற பெயரே 1964-ல் வின்சென்ட் காடிஸ் என்பவர் ஒரு அமெரிக்கப் பத்திரிகையில் எழுதிய கட்டுரையில் வந்தது. கப்பல் மூழ்கி 39 வருடம் கழித்து. அதற்குப் பின் வந்த புத்தகங்கள், பழைய பதிவுகளில் ‘காணவில்லை’ என்றிருந்த கப்பல்களை எல்லாம் பட்டியலில் சேர்த்துக்கொண்டே போனபோது இதுவும் உள்ளே போய்விட்டது.

கடலடியில இருந்து மீத்தேன் வாயு கிளம்பி கப்பலை இழுத்துக்கிச்சுன்னு அறிவியல் வீடியோவுல சொல்றாங்களே?

அமெரிக்க அரசின் புவியியல் ஆய்வு நிறுவனம் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. முக்கோணப் பகுதியில் கடந்த 15,000 ஆண்டுகளில் அப்படிப் பெரிய அளவில் வாயு வெளியேறியதற்குச் சான்று இல்லை என்பது அவர்கள் நிலை. அதற்கும் முன்னால், இந்தக் கப்பல் தண்ணீர் ஏறுகிறது, சாய்கிறது என்று சொல்லிவிட்டுப் போனது. வாயு விழுங்கிய கப்பலுக்கு அதையெல்லாம் சொல்ல நேரம் இருந்திருக்காது.

2015-ல கியூபா கடலோரக் காவல்படை அந்தக் கப்பலைப் பிடிச்சதா போட்டோவோட வந்ததே?

அது பொய்ச் செய்தி. கற்பனைச் செய்திகளை நிஜம் போலவே எழுதி வெளியிடும் தளம் ஒன்று 2015 மே மாதம் போட்டது. கேப்டனின் நாட்குறிப்புக் கிடைத்தது என்பது வரை ஜோடித்து எழுதியிருந்தார்கள். அங்கிருந்து எடுத்து மற்றவர்கள் போட, மொழிபெயர்ந்து நமக்கும் வந்தது. படத்தில் காணும் துருப்பிடித்த கப்பலுக்கும் கோட்டோபாக்சிக்கும் சம்பந்தம் இல்லை. நிஜக் கப்பல் அப்போது எங்கே கிடந்தது என்பதைக் கீழே சொல்கிறேன்.

பாலைவனத்துல கிடந்ததுன்னு எங்க அண்ணன் சத்தியம் பண்றான்.

உங்கள் அண்ணன் பார்த்தது சினிமாக் காட்சி. வேற்றுக்கிரகவாசிகளைப் பற்றிய ஹாலிவுட் படம் ஒன்று 1980-ல் புதுக் காட்சிகளோடு மறுபடி வெளியானது. அதில் மங்கோலியாவின் கோபி பாலைவனத்தில் கோட்டோபாக்சி என்று பெயர் எழுதிய கப்பல் கிடப்பது போல ஒரு காட்சி உண்டு. உலகத்துக்கு இந்தப் பெயரைப் பழக்கியது பெரும்பாலும் அந்தக் காட்சிதான்.

அப்புறம் நிஜமா எங்கதான் கிடைச்சது? யார் கண்டுபிடிச்சா?

ஃபுளோரிடாவின் செயின்ட் அகஸ்டின் நகருக்கு அப்பால், கரையிலிருந்து சுமார் 35 கடல் மைல், அதாவது 65 கிலோமீட்டர் தூரத்தில். மைக்கேல் பார்னெட் என்ற கடல் உயிரியலாளர், கப்பல் சிதைவுகளைத் தேடி முக்குளிப்பவர், பல வருட உழைப்புக்குப் பின் அடையாளம் கண்டார். 2020 தொடக்கத்தில் அது ஒரு தொலைக்காட்சித் தொடர் மூலம் வெளியே வந்தது. முன்னே சொன்ன கை வால்டர்ஸ் லண்டன் ஆவணங்களைப் பார்த்தது இந்தத் தேடலுக்காகத்தான். செயின்ட் அகஸ்டின் கலங்கரை விளக்கத்தோடு சேர்ந்து இயங்கும் கடல் தொல்லியல் அமைப்பின் சக் மீடும் உதவினார்.

அபாயச் செய்தியைக் கேட்ட ஜாக்சன்வில், செயின்ட் அகஸ்டினுக்கு வடக்கே அடுத்த பெரிய ஊர். செய்தி கேட்ட இடமும் சிதைவு கிடந்த இடமும் இப்படிப் பொருந்தி வருகின்றன.

அந்த இடத்துக்கு டைவர்கள் ஏற்கெனவே போய்க்கிட்டு இருந்தாங்களாமே? அப்ப ஏன் இத்தனை வருஷம் தெரியலை?

உண்மைதான். 1980-களிலிருந்தே முக்குளிப்பவர்களுக்கும் மீன்பிடிப்பவர்களுக்கும் தெரிந்த இடம். ‘கரடிச் சிதைவு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். ஏதோ பழைய நீராவிக் கப்பல் என்று தெரியும், எந்தக் கப்பல் என்றுதான் தெரியாது. அந்தக் கரையில் அப்படிப் பெயர் தெரியாத சிதைவுகள் நிறைய. பாதிக்கு மேல் மணல் மூடிக் கிடக்கும், ஓட்டம் பலமாக இருக்கும், கீழே இருக்கக் கிடைக்கும் நேரமும் கொஞ்சம்.

பெரிய தடையாக நான் நினைப்பது மர்மக் கதையையே. முக்கோணத்தில் மறைந்த கப்பல் என்று முடிவு செய்துவிட்டதால், தேடியவர்களும் ஆழ்கடல் பக்கம்தான் பார்த்திருப்பார்கள். வட ஃபுளோரிடாக் கரைக்கு அருகில் கிடக்கும் பெயரில்லாச் சிதைவோடு இதை யாரும் சேர்த்து நினைக்கவில்லை.

பெயர் எழுதின மணியோ பலகையோ கிடைக்காம அதுதான்னு எப்படிச் சொல்றாங்க?

பல சிறிய சான்றுகளைச் சேர்த்து. சிதைவின் நீளம், பாய்லர்களின் அளவு, எஞ்சின் அமைந்திருக்கும் இடம் எல்லாவற்றையும் அளந்து, கோட்டோபாக்சியின் பழைய வரைபடங்களோடு ஒப்பிட்டார்கள், பொருந்தியது. அந்த இடத்தில் பல வருடம் முக்குளித்த ஒருவர் எடுத்து வைத்திருந்த பொருட்களில் மிச்சிகனில் செய்த வால்வு ஒன்று இருந்தது. கப்பல் கட்டிய மாநிலம் அதுதான். அதோடு, அந்த வட்டாரத்தில் மூழ்கிய கப்பல்களில் இந்த அளவுக்குப் பொருந்துவது வேறு எது என்று ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தார்கள்.

இது கைரேகை மாதிரி ஒரே சான்றில் முடிகிற விஷயம் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அளவு, இடம், வயர்லெஸ் செய்தி, புயலின் தேதி எல்லாம் ஒரே பக்கம் காட்டும்போது, வேறு கப்பல் என்று சொல்பவர்தான் சான்று கொண்டுவர வேண்டும்.

கணக்கு இடிக்குதே. 29-ஆம் தேதி கிளம்பின கப்பல் 1-ஆம் தேதி இன்னும் செயின்ட் அகஸ்டின் பக்கத்துலயேவா இருக்கும்?

கவனமாகப் படித்தவர் கேட்ட கேள்வி. சார்ல்ஸ்டனிலிருந்து அங்கே சுமார் 170 கடல் மைல். இந்த ரகக் கப்பல் மணிக்கு 9 கடல் மைல் ஓடினால் ஒரு நாளுக்குள் கடந்துவிடலாம். ஆகவே அது தன் வேகத்தில் ஓடவே இல்லை. நான் புரிந்துகொள்வது இது: புயலின் முன்னோட்டக் காற்றிலேயே அலை எழும்பியிருக்கும். ஹேட்ச்மேல் தண்ணீர் விழாமல் இருக்க வேகத்தைக் குறைத்து, அலைக்கு முகம் கொடுத்து நிறுத்தியிருப்பார்கள். அப்படி நிற்கும் கப்பலை வடக்கே ஓடும் நீரோட்டம் பின்னுக்குத் தள்ளும். இன்னும் தெற்கே போய்விட்டு, தள்ளப்பட்டுத் திரும்பி வந்திருக்கவும் வாய்ப்புண்டு. எப்படிப் பார்த்தாலும் கணக்கு இடிப்பது, ஒரு நாளுக்கு மேல் அவர்கள் கடலோடு போராடியிருக்கிறார்கள் என்பதைத்தான் காட்டுகிறது.

பழுதான கப்பலை அனுப்ப அப்போ சட்டமே இடம் கொடுத்ததா?

அமெரிக்காவில் ஓட்டை பெரிதாகவே இருந்தது. இவ்வளவுக்கு மேல் சரக்கு ஏற்றக் கூடாது என்று கப்பலின் பக்கத்தில் கோடு போடும் சட்டம் பிரிட்டனில் 1876-லேயே வந்துவிட்டது. அமெரிக்காவில் வெளிநாடு போகும் கப்பல்களுக்கு 1929-ல்தான் வந்தது. 1930-ல் லண்டனில் நடந்த சர்வதேச ஒப்பந்தம், கோட்டை எங்கே போடுவது என்பதோடு ஹேட்ச் மூடி எப்படி இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்து விதித்தது. 1925-ல் இந்த 32 பேருக்கு இவை எதுவும் இல்லை.

இப்ப இரும்பு மூடி, ஜிபிஎஸ் எல்லாம் வந்தாச்சு. இனிமே இப்படி நடக்காதுதானே?

1983 பிப்ரவரி 12 அன்று மரீன் எலெக்ட்ரிக் என்ற நீராவிக் கப்பல், வர்ஜீனியாவிலிருந்து நிலக்கரி ஏற்றிக்கொண்டு வடக்கே மாசசூசெட்ஸுக்குப் போகும்போது புயலில் மூழ்கியது. 34 பேரில் 31 பேர் இறந்தார்கள். அதன் ஹேட்ச் மூடிகள் இரும்பு. துருப்பிடித்து ஓட்டை விழுந்து, ஒட்டுப் போட்டு ஓட்டியிருந்தார்கள். சோதனைச் சான்றிதழ் மட்டும் ஒழுங்காக இருந்தது. அதே அமெரிக்கக் கிழக்குக் கரை, அதே சரக்கு, 57 வருடம் கழித்து.

ஆனால் இந்தமுறை உயிர் பிழைத்த மூன்று பேர் விசாரணையில் வந்து சாட்சி சொன்னார்கள். சோதனை முறைகள் கடுமையாயின, போர்க்காலத்துப் பழைய கப்பல்கள் பலவற்றை உடைக்க அனுப்பினார்கள். அன்று ஹெலிகாப்டர் வந்து கூடையை இறக்கியும், குளிரில் விறைத்துப்போன கைகளால் அதைப் பிடிக்க முடியாமல் பலர் இறந்தார்கள். அதன் பிறகுதான் அமெரிக்கக் கடலோரக் காவல்படை ஹெலிகாப்டரிலிருந்து தண்ணீரில் குதித்து ஆளைத் தூக்கும் மீட்பு நீச்சல் வீரர்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கியது. அந்தப் படைப்பிரிவு இன்றும் இருக்கிறது.